தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

உ
கொளஞ்சியப்பர் துணை

நைனார்பாளையம்
22.1.2025

எழில்மதிக்கு உன் அத்தை ஆயம்மாள் எழுதுவது.

மாடு கன்று சுகம். உன் மாமா சுகம். குழந்தை சுகம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். கோபத்தோடு எழுதும் தாளில் சாமி பேரைப் போடக் கூடாதுதான். போட்டுவிட்டேன், அவர் பொறுத்துக்கொள்வார்.

மாட்டுப் பொங்கலன்று பஸ் ஏறியவள் இன்னும் ஒரு போன் செய்யவில்லை. உன் மலையில் டவர் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற பாறை மேல் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏறிப் பேசினாலும் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதியில் லைன் போகும். அதனால்தான் மாமாவை அனுப்பி கவர் வாங்கி வரச் சொன்னேன். அஞ்சாம் வகுப்புப் படித்த கை இது. தப்பு இருந்தால் டீச்சரம்மா திருத்திக்கொள்.

அத்தனை சொந்தக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிக் கேட்கலாமா நீ? "அத்தை, மூணு வருசம் முடிஞ்சிப்போச்சி. முறத்துல தவுடு கொண்டாந்துருக்கேன். எம்புள்ளய எங்கிட்ட குடுங்க." பரிமாறின கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. குழந்தையும் அப்போதென்று பார்த்து என் முந்தானைக்குள் போய், "மலைம்மா இன்னாத்துக்குக் கத்துது?" என்று கேட்கிறாள். நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. மலையிலிருந்து வருகிறாயே, அவளாக வைத்த பேர்.

நடந்ததை நீ மறந்துவிட்டாய் போல. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. ரெண்டாவது எட்டாம் நாள் போனது. மூன்றாவது பிறந்ததும் நான்தான் சொன்னேன், தவிட்டுக்கு வாங்கிவிடலாம், நம் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் எமனுக்குக் கணக்குத் தப்பிவிடும் என்று. பதினொன்றாம் நாள் உன் மடியில் ஒரு முறம் தவிட்டை வைத்துவிட்டுப் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். மாரியம்மன் கோயிலில் போய், இது என் பிள்ளை, அஞ்சு வருஷம் என் பிள்ளை, அப்புறம் பெற்றவள் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள் என்று சொன்னேன். நீ காய்ச்சலில் படுத்திருந்தாய். கோயிலில் நான், மாமா, பூசாரி நாராயணசாமி மூன்று பேர்தான். பூசாரி போய்ச் சேர்ந்துவிட்டார். சொன்ன வாய் என் வாய். அஞ்சு என்றால் அஞ்சு.

போன வெள்ளிக்கிழமை விடியலில் அம்மன் கனவில் வந்தாள். நம் கிணற்று மேட்டில் மஞ்சள் புடவையோடு உட்கார்ந்து, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு விரலை எண்ணுகிறாள். எத்தனை விரல் என்று நீயே தெரிந்துகொள்.

ஜெயசுதா என்று பிறப்புப் பத்திரத்தில் எழுதினாலும் இங்கே எல்லாருக்கும் அவள் தவுடுதான். தவுடு உனக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். தாளில் ஈரம் இருந்தால் அதுதான்.

அத்தை

---

கல்வராயன் மலை
2.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஈரம் இருந்தது. அது அவளுடையதா, உங்களுடையதா என்று தெரியவில்லை. யாருடையது என்றாலும் வைத்துக்கொண்டேன்.

எல்லார் முன்னாலும் கேட்டது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்ற பயத்தில் கேட்டுவிட்டேன். ஆனால் கேட்டது தவறில்லை.

எனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அன்று சாயங்காலம் மாமா கோயிலிலிருந்து வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று, "மூணு வருசம் தானேம்மா, ஓடிப்போவும்" என்றார். காய்ச்சல் நூற்று மூன்று இருந்தது. வீட்டுக்குள்ளே மேகம் மிதந்ததுகூட அன்று பார்த்தேன். அதனால் மாமா சொன்னதும் அந்த மேகம் போலத்தானா என்று எனக்கே சந்தேகம். பொங்கலுக்கு அவரிடம் கேட்டேன். கன்றுக்குட்டிக்கு மணி கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

இங்கே விடுதியில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் என் பொறுப்பு. எல்லாம் காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருக்கிற ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் எழில்மதி என்று என் பேரிலேயே ஒருத்தி இருக்கிறாள். அம்மாவின் துண்டை மூக்கில் வைத்தால்தான் தூங்குவாள். துவைக்கக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் தலை வாருகிறேன், நகம் வெட்டுகிறேன், சளி துடைக்கிறேன். எல்லாம் முடிந்து உட்காரும்போது என் கை சும்மா இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை.

சுதா பிறந்து பத்து மாதம் வரைக்கும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது போலப் பால் கொடுக்கச் சொன்னீர்கள். கண்ணைப் பார்க்காதே, கொஞ்சாதே என்றீர்கள். கேட்டேன். வேலை கிடைத்து மலைக்கு வந்தேன். இப்போது ஜூனில் பக்கத்து அங்கன்வாடியில் அவளைச் சேர்க்க நினைக்கிறேன். வார்டன் அறையில் இடம் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கும் சேலம் வேலையிலிருந்து சனிக்கிழமைதோறும் இங்கே வருவது சுலபம்.

யோசியுங்கள் அத்தை.

எழில்

---

உ
கொளஞ்சியப்பர் துணை

நைனார்பாளையம்
16.2.2025

எழிலுக்கு,

உன் மாமாவுக்குக் காது மந்தம். நான் அஞ்சு என்றது அவருக்கு மூன்று என்று விழுந்திருக்கும். அவரை இதில் இழுக்காதே. மக்காச்சோளம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று மனுசன் தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

நீ யோசி என்றாய். நான் யோசிக்காத நேரம் ஏது? குழந்தைக்குப் பனி ஆகாது. போன மார்கழியில் இங்கேயே பத்து நாள் இருமினாள். நெஞ்சில் கற்பூர எண்ணெய் தேய்த்து மடியிலேயே வைத்திருந்தேன். உன் மலையில் மழை பெய்தால் ரோட்டில் கல் உருண்டு விழுந்து பஸ் நின்றுவிடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அன்றைக்குப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் யாரைக் கூப்பிடுவாய்? பாறை மேல் ஏறி டவர் தேடுவாயா? நீ நாற்பத்திரண்டு பேரைப் பார்ப்பவள். நாற்பத்து மூன்றாவதாக என் தவுடு வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

இங்கே என் ரெண்டு கண்ணும் அவளுக்கே. காலையில் மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளும்போது என்னோடு வருவாள். கன்றுக்குட்டிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பேர். நேற்று அதற்கு 'கலெக்டர்' என்று பேர். இட்லியில் விளிம்பைத் தின்றுவிட்டு நடுவை எனக்குக் கொடுப்பாள். எனக்குப் பல் வலி என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள், மெத்தென்று இருப்பது எனக்காம். ரயில் என்று சொல்ல வராது, லயிலு. சின்னசேலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். உள்ளே ஆட்கள் படுத்துத் தூங்குவதை ஜன்னல் வழியாக வாயைப் பிளந்து பார்த்தாள். ரயில் போனதும், "எங்க போச்சி?" என்றாள். சேலத்துக்கு என்றேன். "மலைக்குப் போவாதா?" என்றாள். போகாது என்றேன். "அப்ப மலைம்மா எதுல தூங்கும்?" என்று கேட்டாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

மொட்டை மாடியில் நின்றால் உன் மலை நீலமாகத் தெரியும். மேகம் மூடிக்கொண்டால், மலைம்மா போர்வை போத்திக்கினு இருக்குது என்பாள். நான் ஒன்றும் உன்னை மறக்கடிக்கவில்லை எழிலு. எனக்கும் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். எந்தக் கோயில் படியை மிதிக்கவில்லை நான்? அதை எழுதினால் தாள் பத்தாது.

மறுபடியும் கனவு வந்தது. அம்மன் நம் வீட்டுக்குள் வந்து குழந்தை பக்கத்தில் படுத்துக்கொண்டாள். எழுந்து பார்த்தால் பாயில் வேப்பிலை வாசனை. மாமாவைக் கேட்டால் அவருக்கு ஒரு வாசனையும் வரவில்லையாம்.

உன் அப்பாவோடு கூடப் பிறந்தவள் நான், முறைக்கு அவளுக்கு ஆயா ஆக வேண்டும். தவிட்டுக்கு வாங்கினவள் அம்மாதான் ஆக வேண்டும் என்று வழக்கம். வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

அத்தை

---

கல்வராயன் மலை
5.3.2025

அத்தைக்கு,

எனக்கும் ஒரு கனவு வந்தது. மூன்று தடவை வந்துவிட்டது.

நான் முறம் நிறையத் தவிட்டோடு மலையிலிருந்து நடந்து இறங்குகிறேன். பஸ் இல்லை, ஆள் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் காற்று கொஞ்சம் தவிட்டை எடுத்துக்கொண்டு போகிறது. முந்தானையால் மூடுகிறேன், முந்தானையும் பறக்கிறது. கோமுகி அணைக்கு வரும்போது பாதி இல்லை. நம் ஊர் வேப்பமரம் தெரியும்போது முறத்தின் மூங்கில் தெரிகிறது. உங்கள் கதவைத் தட்டுகிறேன். திறப்பவள் ஒரு பெரிய பெண். தாவணி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்து, "யாருங்க வேணும்?" என்கிறாள்.

என் கனவில் சாமி வரவில்லை. காற்றுதான் வந்தது.

நீங்கள் சொன்ன பயமெல்லாம் எனக்கும் இருக்கிறது. பனி, இருமல், பஸ் இல்லாத நாள் எல்லாம். இங்கே இருக்கிற அம்மாக்கள் அந்தப் பயத்தோடுதான் பிள்ளை வளர்க்கிறார்கள். அதற்காகப் பிள்ளையை இன்னொரு இடத்தில் வைப்பதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதற்கு மேல் கேட்க மாட்டேன். மாரியம்மன் மேல் சத்தியமாக நீங்கள் அன்று சொன்னது அஞ்சு வருஷம்தானா? ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். பாக்கி ரெண்டு வருஷத்தையும் நான் வாயைத் திறக்காமல் இருந்து முடிக்கிறேன்.

எழில்

---

உ

நைனார்பாளையம்
15.4.2025

எழிலுக்கு,

நாற்பது நாளாகப் பதில் எழுதவில்லை. எழுதாமல் இல்லை. மூன்று தடவை 'ஆமாம்' என்று எழுதினேன். மூன்று தாளையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். சாமி பேரை இன்றைக்கு மேலே எழுதவில்லை, பார்த்தாயா? எழுத யோக்கியதை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எதிர் வீட்டுக் கொளஞ்சியம்மாள் வளர்க்கிற வெள்ளாடு பங்குனியில் ஒரு குட்டி போட்டது. ஒரே குட்டி, கருப்பு, நெற்றியில் வெள்ளை. தவுடு அதுவே கதியாகக் கிடந்தாள். போன வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் கொஞ்சம் கண் அயர்ந்தேன். ஆடு கத்துகிற சத்தம் கேட்டு எழுந்தேன். சாதாரணக் கத்தல் இல்லை. அடி வயிற்றிலிருந்து கத்துகிறது. வெளியே வந்து பார்த்தால் கொளஞ்சியம்மாள் குட்டியைக் காணோம் என்று சந்து சந்தாகத் தேடுகிறாள். ஆட்டுக்கு மடி கட்டி, பால் தானாகச் சொட்டுகிறது.

குட்டி எங்கே இருந்தது தெரியுமா? நம் வீட்டு மரவள்ளி மூட்டைக்குப் பின்னால். தவுடு அதன் கழுத்தில் என் ரவிக்கைத் துணியைக் கட்டி மடியில் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கொளஞ்சியம்மாள் வீட்டு ஆடு கட்டியிருந்த இடத்தில் போய்ப் பார்த்தேன். நம் முறம் கிடந்தது. மாட்டுக்கு வைத்திருந்த தவிடு அதில் ஒரு கை.

குட்டியை விடுடி, ஆடு கத்துது பார் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சண்டை போடுகிற பார்வை இல்லை, பெரியவர்கள் நமக்கு விவரம் சொல்லுவார்களே, அப்படி.

"தவுடு குடுத்து வாங்கிட்டேன். இனிமே நான்தான் அம்மா" என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

"அஞ்சி வருசம். சாமி கனவுல வந்து சொல்லிச்சி."

உனக்கு எழுதும்போதெல்லாம் நான் எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். பக்கத்தில் விளையாடுகிறது, அதற்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று, "இன்னாக்கா, உங்க வூட்டுப் பழக்கம் புள்ளைக்கும் வந்துடுச்சி" என்று சிரித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆடு அந்தப் பக்கம் கத்துகிறது, குட்டி இந்தப் பக்கம் தவுடு மடியில் சுகமாகத் தூங்குகிறது. அதுதான் எழிலு எனக்குத் தாங்கவில்லை. குட்டி அழவே இல்லை.

மூன்று வருஷம். நான் சொன்னது மூன்று வருஷம். உன் மாமா சொன்னது காய்ச்சல் இல்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். முதல் வருஷம் நான் மூன்று என்றேதான் நினைத்திருந்தேன். ரெண்டாம் வருஷம் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து மூன்று என்ற எண் எனக்கு வாயில் வரவில்லை. அம்மன் கனவில் வந்தது நிஜம். கிணற்று மேட்டில் உட்கார்ந்தது நிஜம். ஆனால் அவள் ஒன்றும் எண்ணவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெய்வத்தின் பேரில் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும், பிள்ளை மேல் ஏறக் கூடாது. வைகாசி ஒன்பது வெள்ளிக்கிழமை நல்ல நாள். மாப்பிள்ளையோடு வந்து தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டு போ.

ஆயம்மாள்

---

கல்வராயன் மலை
27.4.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பாறை மேல் உட்கார்ந்து படித்தேன். டவர் இருந்தது. உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத வார்த்தை ஏதாவது சொல்லியிருப்பேன்.

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இன்னும் கோபம் போகவில்லை. நான் அழுதுகொண்டே பஸ் ஏறியதை மாமாவும் நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அது கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதை உங்கள் மாப்பிள்ளையிடம்கூடச் சொன்னதில்லை. மலைக்கு வந்த முதல் வருஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது அத்தை. நன்றாகத் தூங்கினேன். நான் தொட்டால் இதுவும் போய்விடும், நான் தொடாத வரைக்கும் அது உயிரோடு இருக்கும் என்று நம்பினேன். சுடுகிற பாத்திரத்தை வேறொரு கை பிடித்துக்கொண்டது போல இருந்தது. அப்போது எடுத்துக்கொள் என்று நீங்களே பிள்ளையைக் கொண்டுவந்திருந்தால் நான் ஓடியிருப்பேன். பயத்தை எல்லாம் உங்களிடம் கொடுத்துவிட்டு, பயம் தீர்ந்ததும் பிள்ளையைக் கேட்டேன். இதையும் எனக்கு எதிராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பயம் போகவில்லை. வெறுங்கையோடு இருப்பதைவிடப் பயந்துகொண்டே வளர்ப்பது பரவாயில்லை என்று மட்டும் தெரிகிறது.

வைகாசி ஒன்பது வருகிறோம்.

எழில்

---

உ
கொளஞ்சியப்பர் துணை

நைனார்பாளையம்
30.5.2025

எழிலுக்கு,

நீ கொடுத்த தவிட்டைக் கலெக்டரின் அம்மாவுக்கு வைத்தேன். நாலு வாயில் தின்றுவிட்டு முறத்தையும் நக்கியது. மூன்று வருஷம் நாலு வாய்.

கோயிலில் மாமாதான் புதுப் பூசாரியிடம் தேவையில்லாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளையை உன் கையில் கொடுக்கும்போது அவள் என் காதில் ஒன்று கேட்டாளே, அது என்ன என்று பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

"நீயும் ஆடு மாதிரி கத்துவியா?" என்று கேட்டாள்.

கத்தமாட்டேன் என்றேன். நல்லது என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் உன்னிடம் வந்தாள். அதனால் கத்தாமல் இருக்கிறேன். சொன்ன சொல்லை இந்த ஒரு விஷயத்திலாவது காப்பாற்றுகிறேன்.

தூங்கும்போது முதுகைத் தட்டாதே, தேய்த்துவிடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படாமல் நெற்றியில் கையை வை, இல்லாவிட்டால் ஊரைக் கூட்டுவாள். திருநீறு பூசாமல் சோறு போடாதே. பருப்பு சாதத்தில் நெய் கம்மியாக ஊற்று. பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பாள், உடனே கண்டுபிடித்துவிடலாம். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்காதே. இருமல் வந்தால் பாறை மேல் ஏறிப் போன் செய், எந்த நேரமானாலும். நான் கத்த மாட்டேன்.

அவள் உன்னை அம்மா என்று கூப்பிடுகிறாளா? கூப்பிட்டால் எழுது. கூப்பிடாவிட்டாலும் எழுது. கூப்பிட வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கிறேன். வைத்துவிட்டு, இன்றைக்கு மட்டும் வேண்டாம், நாளையிலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். சாமிக்கு என்னோடு ரொம்பக் கஷ்டம்.

அத்தை

---

கல்வராயன் மலை
12.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

சுதா சாப்பிடுகிறாள். சாமைச் சோறு பிடித்திருக்கிறது. இருமல் இல்லை. என் பேருள்ள சின்னப் பெண்ணோடு கூட்டு. அவளுடைய அம்மாவின் துண்டில் ஒரு முனையை இவள் மூக்குக்கும் வாங்கிவிட்டாள். எதற்கு வாங்கினாள் என்று கேட்டேன், பருப்பு வடைக்காம். தவிடு இல்லை, பயப்படாதீர்கள்.

இங்கே காலையில் பனி இறங்கும்போது பள்ளிக்கூடம் முழுக்க வெள்ளையாகிவிடும். முதல் நாள், "சாமிக்குப் புகை போடறாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதிலிருந்து பனி வந்தால் கையைக் கூப்பி நிற்கிறாள். மற்றப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். இப்போது பனி வந்தால் விடுதியில் சத்தமே இல்லை. நாற்பத்து மூன்று பேர் வெள்ளைக்குள் கை கூப்பி நிற்பதைப் பார்க்கும்போது நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று தெரிவதில்லை.

நேற்று பனி ரொம்பவும் கனமாக இருந்தது. நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அவள் குரல் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டாள். முதல் தடவை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒன்றும் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் போய், பாறை ஓரத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"நீ இல்ல" என்றாள். "அந்த அம்மா."

உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், குளிர் அடித்தது போல.

"அந்தம்மாவுக்குக் கேக்குமா?" என்றாள்.

தெரியலையே என்றேன். "தூரமாச்சே. ரெண்டு பேர் கூப்ட்டா கேக்கலாம்" என்றும் சொன்னேன்.

யோசித்தாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கீழே சமவெளி இருக்கிற பக்கம் எது என்று கேட்டாள். காட்டினேன். அங்கேயும் வெள்ளைதான், ஒன்றும் தெரியவில்லை. ஒன்று, ரெண்டு, மூணு சொல்லு என்றாள். சொன்னேன். அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். நானும் சேர்ந்து கூப்பிட்டேன்.

நேற்று காலை ஏழே கால் மணி இருக்கும். கேட்டதா அத்தை?

எழில்